பெராக்சிஜனேஸ்: தமிழில் என்ன சொல்வது?

> பெராக்சிடேஸ், பெராக்சிஜனேஸ் இரண்டையுமே 'பெராக்சைடு ஆக்சிஜனேற்ற நொதி' என்று சொல்லிவிடலாம். மாணவர்களுக்கு அது போதும்.

போதாது ஐயா. சற்று விரிவாகவே மறுக்கிறேன், பொறுத்தருளுங்கள்.

முள்ளங்கியை அரைத்து வடிகட்டிய சாற்றில் குவாயக்கால் என்ற நிறமற்ற வேதிப்பொருளில் சில துளி சேர்த்து, ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்காவி நிறம் ஏறும். சாற்றிலுள்ள பெராக்சிடேஸ் குவாயக்காலிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது; பறிகொடுத்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நிறம் தருகின்றன. பெராக்சைடின் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் நீராகப் போய்விடுகின்றன. அந்தச் சாயத்துக்குள் அவற்றில் ஒன்றுகூட நுழைவதில்லை.

அக்ரோசைபி எஜெரிட்டா என்ற காளான் சுரக்கும் பெராக்சிஜனேஸ் நொதியின் கதை வேறு. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2004இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதனிடம் எத்தில்பென்சீனைக் கொடுத்தால், பென்சீன் வளையத்தைத் தொடாமல், வளையத்தை ஒட்டிய கார்பனில், அதுவும் ஒரே பக்கமாக, ஓர் ஆக்சிஜனை வைக்கிறது. கிடைக்கும் ஃபினைல்எத்தனால் ஏறத்தாழ முழுவதும் ஆர் வடிவம், அதாவது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் ஒன்று. இந்த நொதி வைக்கும் ஆக்சிஜன் பெராக்சைடிலிருந்தே வருகிறது என்பதை ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜனை அடையாளமாகக் கொண்ட பெராக்சைடு காட்டிக்கொடுத்தது. ஒரு மூலக்கூறில் எத்தனையோ கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்க, வேண்டிய ஒன்றை மட்டும் தொடுவது எவ்வளவு கடினம் என்று ஆய்வகத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நொதிகளுக்கு எண் தந்து வகைப்படுத்தும் பன்னாட்டு இசி முறையிலும் இவை தனித்தனி: பெராக்சிடேஸ்கள் 1.11.1, பெராக்சிஜனேஸ்கள் 1.11.2. நமக்குத்தான் சிக்கல். எலக்ட்ரான் இழப்புக்கே 'ஆக்சிஜனேற்றம்' என்று பெயர் வைத்துவிட்டோம். ஈழத்து 'ஒட்சியேற்றம்' என்பதும் அப்படியே. உண்மையிலேயே ஆக்சிஜனை ஏற்றும் வினை வந்து நின்றால் கொடுப்பதற்குச் சொல் மிஞ்சவில்லை.

என் பரிந்துரை 'ஆக்சிஜன் செருகி'. கொண்டையில் பூவைச் செருகுகிறோம், உறையில் கத்தியைச் செருகுகிறோம். கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவே ஓர் ஆக்சிஜன் போய் அமர்வதற்கு இது பொருந்துகிறது. கல் பதிப்பதை நினைத்து 'பதிப்பி' என்றும் யோசித்தேன். நூல் பதிப்பு குறுக்கே வந்ததால் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. இந்தக் காளான் நொதியின் ஆங்கிலப் பெயருக்கு முன்னால் வரும் 'அன்ஸ்பெசிஃபிக்' என்ற அடைமொழியைத் தயவுசெய்து 'தேர்வற்ற' என்று பெயர்க்காதீர்கள். பலவகைத் தளப்பொருள்களை, அதாவது வினைக்குள்ளாகும் பொருள்களை, அது ஏற்கும் என்பதே அதன் பொருள். 'பலபொருள்' என்பது சரியாக இருக்கும். தேர்வுத்திறனைச் சொல்ல, எந்தக் கார்பன் என்பதற்கு 'இடந்தேர்', எந்தப் பக்கம் என்பதற்கு 'முகந்தேர்' என்று வினைத்தொகையாகவே வைக்கலாம்: இடந்தேர் ஆக்சிஜனேற்றம்.

* * *

> என் பரிந்துரை 'ஆக்சிஜன் செருகி'.

செருகலை ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. என் பழைய சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நம் கல்லீரலில் இருக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகளும் செருகத்தானே செய்கின்றன? காற்றின் ஆக்சிஜனை எடுத்து, எலக்ட்ரான் தரும் துணைப்பொருளான என்ஏடிபிஎச்சைச் செலவழித்து அந்த வேலையை முடிக்கின்றன. உங்கள் சொல் அவற்றையும் சேர்த்தல்லவா சுட்டும்?

* * *

மிகச் சரி ஐயா, அதை நான் கவனிக்கவில்லை. அப்படியானால் 'ஆக்சிஜன் செருகி' ஆக்சிஜனேஸ் என்ற பெருங்குடும்பத்துக்கு இருக்கட்டும். காளான் நொதி 'பெராக்சைடுவழிச் செருகி' ஆகட்டும். பெராக்சைடு பெயரிலேயே இருப்பதும் நல்லதுதான். விலையுயர்ந்த என்ஏடிபிஎச் இல்லாமல் இந்த நொதி வேலை செய்வது அதனால்தான். அளவு மிஞ்சினால் நொதியின் இரும்பு கொண்ட வினைமையமான ஹீமைச் சிதைப்பதும் அதே பெராக்சைடுதான். அதற்காகவே குளூக்கோஸிலிருந்து பெராக்சைடு உண்டாக்கும் குளூக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைக் கூடவே போட்டு, பெராக்சைடு சிறிது சிறிதாக உருவாகும்படி செய்கிறார்கள்.

பெராக்சிடேஸ் ஒலிபெயர்ப்பாகவே தொடரட்டும். பள்ளி நூல்களில் ஊன்றிவிட்ட சொல்லை அசைக்க எனக்கு மனமில்லை. வேறு மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் இவ்வாறே ஏற்றிவிடுகிறேன்.