சிலிக்கான் பூசியே ஜன்னலைக் கெடுத்தேன்: சொந்தமாகச் செய்த டிரெயிலரில் ஜன்னல் மாற்றியவர்கள் சொல்லுங்கள்

பெரம்பூரிலிருந்து:

காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுக்கிற டிரெயிலர். ஐப்பசி மழையில் பழவேற்காட்டுப் பக்கம் அதை நிறுத்தித் தூங்கினோம். நடுராத்திரி பையன் எழுப்பி, "அப்பா, தலகாணி ஈரமா இருக்கு"ன்னான். முதலில் அவனைத்தான் சந்தேகப்பட்டேன், பாவம். டார்ச் அடித்தால் ஜன்னல் சட்டத்தின் கீழ்மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குது.

நாலடிக்கு எட்டடி, நானே ப்ளைவுட்டில் அடித்தது. வீடு கட்டியதில் மிஞ்சிய அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் ரெண்டை அப்படியே மாட்டியிருந்தேன். தப்பு அங்கேயே ஆரம்பம். வீட்டு ஜன்னலில் அடி டிராக்கில் தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்கும். வண்டி எழுபதில் போகும்போது காற்று அதே ஓட்டை வழியாகத் தண்ணீரை உள்ளே தள்ளுது.

ஒவ்வொரு மழைக்கும் முன்னால் சிலிக்கான் பூசுவேன். காடி வாசம் அடிக்குமே, அந்த ரகம். உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும், உலோகத்துக்கு ஆகாது. இரும்பு ஸ்க்ரூ எல்லாம் துரு. வெளியே சுத்திவர அடைத்ததால், எப்படியோ உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழியும் இல்லை. சட்டத்தைக் கழற்றினால் ப்ளைவுட் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிஞ்சு வருது. விரலை வைத்து அமுக்கினேன், உள்ளே போயிடுச்சு.

நாலு அங்குலம் தள்ளி நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்து, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை (தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்) ஒட்டுப்போட்டேன். வெட்டிய விளிம்பில் ரெண்டு கை எபாக்ஸி பிசின். தண்ணீர் குடிக்கிறது அந்த விளிம்புதான், முகம் இல்லை.

புது ஜன்னல் திறக்காத 5 மி.மீ. அக்ரிலிக் ஷீட். 60 செ.மீ. நீளம். காலைக்கும் மே மாச மத்தியான வெயிலுக்கும் ஷீட்டில் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் ஒன்றேகால் மி.மீ. நீளும். அதனால் 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 6 மி.மீ. துளை, இறுக்கிப் பிடிக்காமல் அகல வாஷர். (முதல் ஷீட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். நூல் நூலாக விரிசல். சோப்புத் தண்ணீர் போதும்.)

சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப். சூயிங்கம் மாதிரி பிடிக்கும், காயவே காயாது. ஸ்க்ரூவை ஒரே மூச்சில் முறுக்காமல் ரெண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் ஓரமெல்லாம் பிதுங்கி வரும். வெளிப்பக்கம் மேலேயும் இரண்டு பக்கமும் மட்டும் சீலன்ட். கீழே வேண்டுமென்றே பூசாமல் விட்டேன், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறட்டும் என்று. பட்டறைக்காரர், "மறந்துட்டீங்க சார்" என்று சிலிக்கான் கன்னை எடுத்து நீட்டினார்.

ஹோஸ் பிடித்துப் பார்க்கும்போது கீழிருந்து மேலே போங்க. மேலே ஆரம்பித்தால் எங்கே ஒழுகுதுன்னே தெரியாது.

வில்லிவாக்கத்திலிருந்து:

அண்ணா, என் கதை இன்னும் கேவலம். புதுப்பேட்டையில் பழைய வேனின் பக்கக் கண்ணாடி ரெண்டு எடுத்தேன். சுவரில் விட்ட ஓட்டையை விட ரெண்டு அங்குலம் பெரிசு. கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியின் மூலையில் அச்சடித்திருந்த எழுத்தைப் பார்த்துட்டு, "இது டஃபண்ட் தம்பி, வெட்ட முடியாது. வெட்டிட்டுத்தான் சூட்டுல போடுவாங்க" என்றார். நம்பாமல் வீட்டுக்கு வந்து கிரைண்டரை வைத்தேன். டப்! மொட்டைமாடி முழுக்கக் கற்கண்டு. இன்னிக்கும் செடித்தொட்டியில் கிடைக்குது.

மிச்சம் இருந்த ஒன்றுக்கு ஏற்றமாதிரி ஓட்டையைப் பெரிசாக்கினேன். மூலையை ஜிக்சாவில் வளைத்து அறுக்கணும், கண்ணாடியைப் பிடிக்கிற ரப்பர் பட்டை, அதாவது பீடிங், கூர்மூலையில் திரும்பாது. பஸ் பாடி கட்டின ஒரு பெரியவர்தான் மாட்டக் கற்றுக்கொடுத்தார். கண்ணாடியைச் சுத்தி பீடிங் போட்டு, அதன் வெளிப்பள்ளத்தில் சணல் கயிறு ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருத்தர் வெளியே உள்ளங்கையால் அமுக்கணும். இன்னொருத்தர் உள்ளேயிருந்து கயிற்றை இழுத்துக்கிட்டே போனா ரப்பர் உதடு சுவர் விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். நான் இழுத்தேன், என் மனைவி அமுக்கினாங்க. பத்து நிமிஷ வேலை.

தாம்பரத்திலிருந்து:

ரெண்டு பேருமே திறக்காத ஜன்னலா! உள்ளே ரெண்டு பேர் மூச்சுவிட்டா விடியறதுக்குள்ள கண்ணாடி வேர்த்துடும், சார். ஒரு பக்கமாவது மேலே கீல் வெச்சு வெளியே தள்ளித் திறக்கிற மாதிரி பண்ணுங்க, தூறல்லயும் திறந்து வைக்கலாம். கொசுவலையை உள்பக்கம் வெல்க்ரோவில் ஒட்டுங்க. நான் அதை மறந்துட்டு ஒரு ராத்திரி முழுக்க கார் சீட்டில் உட்கார்ந்து தூங்கினேன்.