மெட்ஃபார்மின் போட்டாலே வயிற்றுப்போக்கு: மாத்திரையை விடலாமா, மாற்றலாமா?

பாலக்கோட்டுக்காரன்:
வணக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், வயது 58, எடை 61 கிலோ. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8.4, கிரியேட்டினின் (கிட்னிக்கான ரத்தச் சோதனை) 0.9. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்ஃபார்மின் 500 காலை ஒன்று, இரவு ஒன்று, கிளிமிபிரைடு 1 மி.கி. காலை ஒன்று கொடுக்கிறார்கள். போன மாதம் தர்மபுரியில் தனியாரிடம் காட்டினோம். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் காலையில் ஒன்று போகிறது, அட்டையில் பெயருக்குப் பின்னால் எம்1 என்று இருக்கிறது.

காலை 5.30-க்கு டீயோடு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார். சாப்பாடு 9.30-க்குத்தான், ராகிக் களி. வயிறு கலக்கி மூன்று நான்கு முறை போகிறது, வாயில் இரும்புச் சுவை. 8 மணி வாக்கில் கை நடுக்கம், வியர்வை. "இந்த மாத்திரையே வேண்டாம், கிட்னியைத் தின்னுடும்"னு சொல்லி ரெண்டு நாளைக்கு ஒருமுறைதான் போடுகிறார். பக்கத்து வீட்டில் சிறுகுறிஞ்சான் பொடி கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

மருந்துக்கடை_தர்மபுரி:
முதல்ல அந்த எம்1 அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படிங்க. எம்1, ஜிபி1 மாதிரி பெயர்னா பெரும்பாலும் கிளிமிபிரைடு 1 மி.கி.யும் மெட்ஃபார்மின் 500-ம் சேர்ந்த ஒரே மாத்திரை. அப்படி இருந்தா அம்மா காலையில மட்டும் மெட்ஃபார்மின் 1000, கிளிமிபிரைடு 2 மி.கி. போடறாங்க. ரெண்டு டாக்டரும் தனித்தனியா எழுதினது சரி, ஒரே டப்பாவில சேர்ந்ததுதான் தப்பு. இந்த ஊர்ல தினமும் பார்க்கிற கோளாறு இது. ரெண்டு சீட்டையும் எடுத்துட்டு நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க. அதுவரைக்கும் ரெண்டு இடத்து மாத்திரையையும் சேர்த்துப் போட வேண்டாம்.

வயிற்றுப்போக்குக்கு வருவோம். மெட்ஃபார்மின் குடல் சுவர்ல ரத்தத்தைவிடப் பல மடங்கு அதிகமா தேங்கும். வெறும் வயித்துல டீயோட போனா ஒரே இடத்துல மொத்தமா இறங்குது, அதான் கலக்கல். டாக்டர்கிட்ட கேட்க வேண்டியது இதுதான்:

சில நாள் நிறுத்திட்டு, முதல் வாரம் 500 மி.கி. இரவுச் சாப்பாட்டோட மட்டும். "சாப்பாட்டுக்குப் பின்"னு எழுதியிருந்தாலும் பாதி சாப்பிட்டதும் விழுங்கிட்டு மீதியைச் சாப்பிடச் சொல்லுங்க, நல்லா வித்தியாசம் தெரியும். வயிறு ஒத்துக்கிட்டா அடுத்த வாரம் காலைச் சாப்பாட்டோட இன்னொரு 500. மறுபடி கலக்கினா ஒரு படி கீழே இறங்கி, இன்னும் ரெண்டு வாரம் அங்கேயே நிக்கணும். பலருக்கு ரெண்டு மூணு வாரத்துல குடல் பழகிடும்.

அப்படியும் பழகலைன்னா மெதுவாக் கரையற வகை. அட்டையில எஸ்ஆர், எக்ஸ்ஆர், பிஆர் இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். அதை உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது, பொடி பண்ணித் தண்ணியில கரைக்கக் கூடாது. பெரிசா இருக்குன்னு ரெண்டாக்கினா மெதுவாக் கரையற வேலையே போச்சு. மலத்துல சில சமயம் மாத்திரை கூடு முழுசா வரும். மருந்து உள்ளே இறங்கிட்டுது, வெறும் கூடுதான் அது, இன்னொண்ணு போட வேண்டாம்.

செவிலியர்_பென்னாகரம்:
எட்டு மணி நடுக்கத்துக்குக் காரணம் மெட்ஃபார்மின் அல்ல. அது தனியாகச் சர்க்கரையை அவ்வளவு கீழே இறக்காது. கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே விடும், விழுங்கிய இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். 5.30-க்குப் போட்டு வயலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் 8 மணிக்குச் சர்க்கரை தாழ்வது கணக்குப்படியே நடக்கிறது. கிளிமிபிரைடு 9.30 களியோடு போகட்டும். தட்டு முன்னால் வந்த பிறகு விழுங்க வேண்டும். சாப்பாடு இல்லை என்றால் அன்று காலை அந்த மாத்திரையும் இல்லை.

நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் (மீட்டர் இல்லை என்றால் அறிகுறியை வைத்தே) மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரை தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. ஏறிய பிறகு ஒரு வேளை உணவு. மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், 108-ஐ அழையுங்கள். முந்தானையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் முடிந்திருக்கட்டும். வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை போடுபவர்களுக்கு மட்டும் வீட்டுச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். அந்த மாத்திரை சர்க்கரையை உடைக்கும் நொதியையே தடுத்து வைத்திருக்கும்.

சிறுகுறிஞ்சானைத் தள்ளி வையுங்கள். அதுவும் சர்க்கரையை இறக்கக்கூடியது, கிளிமிபிரைடோடு சேரும்போது எவ்வளவு இறங்கும் என்று யாரும் அளந்து சொல்ல முடியாது.

ஊத்தங்கரை_விவசாயி:
களியை விட்டுட்டு சாமைக்கு மாறச் சொல்லுங்க, மாத்திரையே தேவைப்படாது. அந்தக் காலத்துல யாருக்கு சுகர் இருந்துச்சு?

செவிலியர்_பென்னாகரம்:
சாமை நல்லதுதான் அண்ணே, ஆனால் அதுவும் மாவுச்சத்துதான், அளவு பார்க்காவிட்டால் அரிசி மாதிரியே ஏற்றும். களியை விட வேண்டியதில்லை. 300 கிராம் உருண்டை ஒன்றில் ஏறக்குறைய 100 கிராம் மாவு போயிருக்கும், அதில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. நம் பக்கம் அரிசி நொய் போட்டுக் கிண்டுவதால் அது இன்னும் வேகமாக ஏறும். நொய்யைக் குறைத்து, உருண்டையைப் பாதியாக்கி, மீதி வயிற்றைக் கீரைக் கடைசலும் கொள்ளும் முட்டையும் நிரப்பட்டும்.

ஒரு எச்சரிக்கை: களியைப் பாதியாக்கிவிட்டு கிளிமிபிரைடை அப்படியே போட்டால் தாழ்சர்க்கரை மறுபடி வரும். உணவை மாற்றுவதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
அட்டையைப் பார்த்தேன். நீங்க சொன்னதேதான், ரெண்டும் சேர்ந்த மாத்திரை. நாளைக்கு சுகாதார நிலையம் போகிறோம். கிட்னி பயத்துக்கு என்ன பதில் சொல்வது? டாபாக்ளிஃப்ளோசின் என்ற வேறொரு சர்க்கரை மாத்திரை போடலாம் என்றும் ஒருவர் சொன்னார், அது எப்படி?

மருந்துக்கடை_தர்மபுரி:
மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தா மருந்து வெளியேறாம உடம்புல தேங்கும், அதனாலதான் அப்ப நிறுத்தறாங்க. இதைப் பார்த்துட்டு ஜனங்க தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டாங்க. அளவுகோல் ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வேகமா ரத்தத்தை வடிகட்டுதுங்கிற கணக்கு: 45-க்குக் கீழே வந்தா பொதுவா அளவைப் பாதியாக்குவாங்க, 30-க்குக் கீழே வந்தா நிறுத்திடுவாங்க. அம்மாவோட கிரியேட்டினினுக்கும் வயசுக்கும் கணக்குப் போட்டா 70-க்கு மேல வரும், பயம் வேண்டாம். கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாத் தெரியப் போடற மருந்து) போட்டு சி.டி. ஸ்கேன் எடுக்கிறதா இருந்தா மட்டும் இந்த மாத்திரை போடறதை அங்க முன்கூட்டியே சொல்லிடுங்க.

உண்மையிலேயே கவனிக்க வேண்டியது வைட்டமின் பி12. வருஷக்கணக்கில மெட்ஃபார்மின் போடறவங்களுக்கு அது குறையலாம். கால் மரத்துப்போறது, எரிச்சல் எல்லாத்தையும் "சுகர் நரம்பு"ன்னு தள்ளிடறாங்க, பி12 குறைஞ்சாலும் அதே மாதிரிதான் இருக்கும். ரத்தத்துல அளவு பார்த்துட்டு மாத்திரை வாங்குங்க, கடையில கேட்டதும் கிடைக்குதுன்னு ஊசி போட்டுக்க வேண்டாம்.

டாபாக்ளிஃப்ளோசின் வயித்தைக் கலக்காது, ஆனா அதுக்கும் ஒரு தொல்லை உண்டு. ஒரு நாளைக்கு 70 கிராம் வரைக்கும் குளுக்கோஸை சிறுநீர்ல வெளியே தள்ளும். அந்த இனிப்புல பூஞ்சை வளரும், பெண்களுக்கு அரிப்பு சாதாரணமா வரும். ஒவ்வொரு தடவையும் தண்ணியில கழுவித் துடைச்சு ஈரமில்லாம வெச்சுக்கணும். அரிப்பு வந்தா வெட்கப்படாம சொல்லணும், களிம்புலயே சரியாகிடும். சித்திரை வெயில்ல வயல் வேலை பண்றவங்களுக்கு நீர்ச்சத்து குறைஞ்சு தலை சுத்தும், தண்ணி கூடுதலாக் குடிக்கணும். சிறுநீர் சோதனையில சர்க்கரை மூணு பிளஸ் காட்டும், அது மருந்து வேலை செய்யற அடையாளம்.

வாந்தி, பேதி, காய்ச்சல்னு சாப்பிட முடியாத நாள்ல டாபாக்ளிஃப்ளோசினையும் மெட்ஃபார்மினையும் நிறுத்தி வெச்சுட்டு டாக்டர்கிட்ட பேசணும். ஆபரேஷன்னா மூணு நாள் முன்னாடியே டாபாக்ளிஃப்ளோசினை நிறுத்தணும். புரட்டாசி சனிக்கிழமை பட்டினி கிடக்கிறவங்க முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கணும். இல்லேன்னா ரத்தச் சர்க்கரை 200 கூட இல்லாம, ரத்தத்துல அமிலம் மட்டும் ஏறி வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கறதுன்னு கொண்டுபோய் விடும்.

செவிலியர்_பென்னாகரம்:
இன்னொன்று. வீடு தேடி மருந்து தரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் "ஒத்துக்கலை"ன்னு சொன்னால் குறித்துக்கொண்டு அனுப்பி வைப்பார், டோஸை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. எனவே அம்மாவை நேரில் கூட்டிப் போங்கள். மெதுவாகக் கரையும் வகை கையிருப்பில் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள், இல்லை என்றால் மக்கள் மருந்தகம் போன்ற இடங்களில் விலை குறைவாக வாங்கலாம்.

மருந்து மாறிய பிறகு வெறும் வயிற்றில் ஒரு சோதனையும், களியில் முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சோதனையும் எடுத்து ஒரே நோட்டில் எழுதுங்கள். ஹெச்பிஏ1சி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும்.

பாலக்கோட்டுக்காரன்:
நோட்டு போட்டுவிட்டேன். தனியார் சீட்டையும் சேர்த்தே எடுத்துப் போகிறோம். நன்றி அக்கா, நன்றி சார்.