இஞ்சின் ஓடுது, படகு நகர மாட்டேங்குது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

போர்ட் கிள்ளானிலிருந்து லங்காவிக்கு ஒரு பழைய 36 அடி பாய்மரப் படகைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. மூன்று சிலிண்டர் டீசல், 27 குதிரைசக்தி, 3600 ஆர்பிஎம் வரை போகும். மலாக்கா நீரிணையில் காற்றை நம்பிக் கிளம்பினால் போய்ச் சேர மாட்டோம். முக்கால்வாசி தூரம் இஞ்சின்தான். பங்கோர் தீவு தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. விடியற்காலையில் ‘சுமத்ரா’ அடித்தது. இந்தப் பக்கம் வராதவர்களுக்காக: ஏப்ரல் முதல் நவம்பர் வரை இரவிலும் விடியலிலும் மேற்கே சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வந்து புரட்டிப்போடும் காற்றும் மழையும். அலை எழும்பிய கொஞ்ச நேரத்தில் 2600-ல் ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் 2000, 1700 என்று இறங்கியது. தானாக ஏறும், மறுபடி இறங்கும். பின்னால் எட்டிப் பார்த்தால் புகையே இல்லை.

நான் முதலில் பார்ப்பது புகையைத்தான். டீசல் போதுமான அளவு வராமல் போனால் இஞ்சின் சோர்ந்துபோகும், ஆனால் கரும்புகை தள்ளாது. கரும்புகை வந்தால் டீசல் நன்றாகவே போகிறது. அதை எரிக்கக் காற்று போதவில்லை, இல்லை சுமை தாங்கவில்லை.

படகுக்காரரும் கூடவே வந்திருந்தார். ஃபில்டர் மாற்றினோம், டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தோம், ஜம்மென்று ஓடியது. அரை மணி நேரம்தான், திரும்பவும் அதே கதை. அவர் அடுத்த புது ஃபில்டரைப் பிரிக்கப் போனார். கழற்றிப் போட்ட பழையது அங்கேயே கிடந்தது; அதில் அப்படியொன்றும் அழுக்கு இல்லை. அப்படியென்றால் அடைப்பு ஃபில்டருக்கு முன்னால்.

அதை உறுதிப்படுத்த ஒரு கேன் போதும். சுத்தமான டீசல் உள்ள கேனை இஞ்சினைவிட உயரத்தில் கட்டி, டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேரே ஃபில்டருக்குக் கொடுத்தோம். ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்து கியர் போட்டால் 2800-ல் ஆடாமல் நின்றது. பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் சரி. குற்றவாளி டேங்க் பக்கம்.

டிங்கிக்கு, அதாவது கூட வரும் சின்ன ரப்பர் படகுக்கு, காற்றடிக்கும் கால் பம்பை எடுத்து, டேங்குக்குப் போகும் ஹோஸில் சொருகி மிதித்தேன். முதல் சில மிதிக்குக் கால் இறங்கவே இல்லை. அப்புறம் ‘பொளக்’கென்று விட்டது, டேங்குக்குள் கொளகொளவென்று குமிழி சத்தம் கேட்டது. அதை வைத்தே பினாங்கு போய்ச் சேர்ந்தோம். அங்கே டேங்க் மூடியைத் திறந்து உறிஞ்சுகுழாயை உருவினால், அதன் நுனியில் கட்டைவிரல் அளவு ஒரு வலை, அதைச் சுற்றி வெல்லப்பாகு மாதிரிக் கறுப்புப் பிசின். டேங்கின் அடியில் தங்கும் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் பூஞ்சை அது. பாதி டேங்கோடு மாதக்கணக்கில் வெயிலில் கட்டிப்போட்ட படகில் வராவிட்டால்தான் ஆச்சரியம். இஞ்சினை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று பிசின் வலையை விட்டு விழுந்துவிடும், ஓட்டினால் மறுபடி வந்து ஒட்டும். ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் இஞ்சினை நிறுத்துகிறோமே, பெயர் ஃபில்டருக்குப் போய்விடுகிறது. வலையை வெட்டி எறிந்தேன். அந்த வேலைக்குத்தான் வெளியே ஃபில்டர் இருக்கிறது.

*

அண்ணே, எனக்கு நேர் எதிர். ஒரே கரும்புகை, படகின் பின்பக்கம் முழுக்கக் கரி. ஒரே நாளில் வந்ததில்லை, மாதா மாதம் நூறு நூறு ஆர்பிஎம்மாகக் குறைந்துகொண்டே வந்தது. நியூட்ரலில் முழுசாக ஏறும், கியர் போட்டால் 2200-க்கு மேல் போகாது. படகு பழுதுபார்க்கும் யார்டில் பார்த்தவர் இன்ஜெக்ஷன் பம்பையே கழற்றி அனுப்ப வேண்டும் என்றார், தொகையும் சொன்னார். சரி, அதற்கு முன்னால் காசில்லாமல் பார்க்கக் கூடியதைப் பார்ப்போம் என்று எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றினேன். புகையோடு, இஞ்சினைக் குளிர்வித்து வரும் கடல்தண்ணீர் கலக்கும் இடம் அது. உள்ளே கரியும் உப்பும் இறுகி, ஒரு பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம். நங்கூரம் போட்டுக்கொண்டு பேட்டரி சார்ஜுக்காகத் தினமும் ஐடிலில் ஓட்டுவோம் இல்லையா, அந்தச் சுமையில்லாத ஓட்டம்தான் கரியைச் சேர்க்கிறது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டப் போனால் சுவரே பொத்துக்கொண்டது, புதுசு வாங்க வேண்டியதாயிற்று. போட்டதும் பழைய சக்தி வந்துவிட்டது. பம்ப் இன்றுவரை கழறவில்லை.

*

கரும்புகை என்றால் எல்போவுக்குக் கை வைக்கும் முன் தண்ணீருக்குள் குதித்துப் பாருங்கள். ஜொகூர் நீரிணையில் சில வாரம் அசையாமல் கட்டியிருந்தேன், ப்ரொப்பெல்லர் தெரியாத அளவுக்குக் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சின்னக் கடல் உயிரி) மூடியிருந்தது. நீச்சல் கண்ணாடியும் சுரண்டியும் போதும், செலவே இல்லை.

இன்னொன்று, டேங்கின் காற்றுக்குழாய். டீசல் குறையக் குறையக் காற்று டேங்குக்குள் போகும் வழி அது. குளவி அதில் மண் வைத்து அடைத்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது டெக்கில் டீசல் மூடியைத் திறந்தேன், புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது, இஞ்சின் அப்போதே நிமிர்ந்தது.

அண்ணே, ஒரு சந்தேகம்: கேன் சோதனையில், இஞ்சின் எரிக்காமல் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸை என்ன செய்தீர்கள்?

*

டேங்குக்கே விட்டுவிட்டேன் தம்பி. ஆனால் கேன் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் காலியாகும். நேரம் இருந்தால் அதையும் கழற்றிக் கேனிலேயே விடுங்கள். அப்புறம், ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை ரொம்ப நேரம் சுற்ற வேண்டி வந்தால் கடல்தண்ணீர் வால்வை மூடிவிடுங்கள். இஞ்சின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் வெளியே தள்ளப் புகை அழுத்தம் இருக்காது, தண்ணீர் நிறைந்து சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும். பிடித்த உடனே திறக்க மறக்காதீர்கள்.