அட்லாண்டிக் துடுப்புப் பந்தயம்: குடிதண்ணீரும் பயிற்சியும்

கேள்வி (நாகப்பட்டினம்):
கேனரி தீவான லா கோமேராவிலிருந்து கரீபியன் தீவான ஆன்டிகுவா வரை சுமார் 4,800 கி.மீ., கூடவே வரும் துணைப்படகு கிடையாது. தண்ணிக்கு என்ன வழி அண்ணே? கோடியக்கரைக்குத் தெற்கே பயிற்சி எடுக்கலாமா?

பதில்:
சோலார் பேட்டரியில் ஓடும், கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின்தான் உயிர். குழாயில் காற்று புகுந்தா பம்ப் அழுத்தம் விழும், தண்ணி வராது. முன்வடிகட்டியை அடிக்கடி அலசுங்க. மின்சாரம் போனா கைப்பம்ப். ஆனா கை ஒடிஞ்சிரும்.

பதில்:
தம்பி, தண்ணியைவிட உட்காருற இடத்துப் புண்தான் ஆளை முடக்கும். உப்பு காய்ஞ்சு துணியோட உரசும். 2 மணி நேரம் துடுப்பு, 2 மணி நேரம் ஓய்வுன்னா, ஒவ்வொரு ஓய்விலும் நல்ல தண்ணியில துடைச்சு, ஈரம் போனதும் துத்தநாகக் களிம்பு.

பதில்:
கோடியக்கரைக்குத் தெற்கே இருக்கிற பாக் நீரிணை ஆழமில்லை, அலை குட்டை. இலங்கை எல்லைக்கோடும் பக்கம். நாகைக்குக் கிழக்கே திறந்த கடல்தான் சரி, அதுவும் ஐப்பசி, கார்த்திகை புயல் காலத்துல வேண்டாம். எதிர்க்காற்றுக்குப் பாராசூட் நங்கூரம் (தண்ணிக்குள்ள குடை மாதிரி விரிஞ்சு, படகு பின்னால போகாம பிடிக்கிற துணி) போட்டு எடுக்கவும் அங்கேயே பழகுங்க.