யாழினி வாங்கிய குத்து

குழு: பழைய வண்ணை வீடு

தேவி (இரவு 8.14): நேற்று குத்துச்சண்டை வகுப்பில், ஜோடியாக ஆடிப் பழகும் ஸ்பாரிங்கில், யாழினிக்கு விலாவுக்குக் கீழே குத்து விழுந்துவிட்டது. அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை என்கிறாள். அடுத்த ஞாயிறு மாவட்டப் போட்டி. அனுப்பவா, வேண்டாமா? யாராவது சொல்லுங்கள்.

கோமதி அத்தை: ஐயோ. இப்போது எப்படி இருக்கிறாள்?

கோமதி அத்தை: அடுத்த ஞாயிறுதானே சுனிதா வளைகாப்பு!!

பாஸ்கர்: எந்தப் பக்கம்

தேவி: வலது பக்கம் அண்ணா

பாஸ்கர்: பெரியப்பா எழுத ஆரம்பித்துவிட்டார்

ஏழுமலை பெரியப்பா (8.31): வலது பக்கம் என்றால் கல்லீரல். தேவி, பயப்படாமல் முழுதாகப் படி. அங்கே குத்து விழுந்தால் ஒரு நொடி ஒன்றும் தெரியாது, அப்புறம்தான் கால் மடங்கும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். எழுந்திரு என்று மனசு சொன்னாலும் உடம்பு கேட்காது. அதனால் பிள்ளைக்குத் தைரியம் இல்லை என்று யாரும் பேசக்கூடாது. அவள் அனுப்பிய வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். வலது கையால் நேர்குத்து விட்டுவிட்டு, கையைத் திருப்பி எடுக்கத் தாமதிக்கிறாள். அந்த நேரத்தில் விலா திறந்து கிடக்கிறது. எதிராளியின் இடது கை நேராக அங்கேதான் வரும். முழங்கை விலாவோடு ஒட்டியே இருக்க வேண்டும். குத்து வரும்போது பல்லைக் கடித்து, மூக்கால் ‘உஸ்’ என்று மூச்சை விட வேண்டும். மூச்சை இழுக்கும்போது வயிறு தளர்ந்திருக்கும், அப்போது வாங்கினால் சின்னக் குத்தும் ஆளைச் சாய்த்துவிடும்.

கோமதி அத்தை: வளைகாப்புக்கு ஏழு வகை சாதம். யார் யார் எது என்று சொல்லிவிடுங்கள். போன தடவை மூன்று பேர் புளிசாதம் கொண்டுவந்தீர்கள்.

பாஸ்கர்: தேங்காய் சாதம் நாங்கள்

தேவி: பெரியப்பா, பொங்கலுக்கு வந்தபோது “வயிறு கெட்டியாகட்டும்” என்று பையன்களை விட்டு அவளைக் குத்தச் சொன்னது யார்?

ஏழுமலை பெரியப்பா: நான்தான். வயிற்றுத் தசை கெட்டியாகும், கல்லீரல் கெட்டியாகாது. அன்று அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 1980ல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி மெட்ராஸ் வந்தபோது எனக்கு யாழினி வயது

பாஸ்கர்: வந்துவிட்டது 1980

ஏழுமலை பெரியப்பா: இரு பாஸ்கர். நேரு ஸ்டேடியத்தில் இன்னொரு வீரர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிக்கு ஆடினார். நான் பார்த்தது அவர் குத்தை இல்லை, முழங்கையை. 1974ல் ஆப்பிரிக்காவில், கின்ஷாசாவில், ஜார்ஜ் ஃபோர்மேன் குத்தக் குத்த, கயிற்றில் சாய்ந்து எல்லாவற்றையும் கையிலும் தோளிலும் வாங்கி, எட்டாவது ரவுண்டில் ஆளையே சாய்த்தவர் அவர். யாழினிக்குச் சொல்லித்தர வேண்டியது அதுதான்.

பாஸ்கர்: ஆன்லைனில் வயிறு, விலாவை மூடும் பாடி கார்டு ஆர்டர் போடட்டுமா?

ஏழுமலை பெரியப்பா: அது மாஸ்டர் கட்டிக்கொண்டு குத்து வாங்குவதற்கு. போட்டியில் விடமாட்டார்கள். பெண்பிள்ளைகள் மார்புக் காப்பு போடலாம், ஆனால் அது விலாவை மூடாது. பல்லுக்கு கம் ஷீல்டு கட்டாயம். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதை நிறுத்தாது. 2016 ரியோவில் ஆண்கள் ஹெட்கார்டு இல்லாமல்தான் ஆடினார்கள்.

பாஸ்கர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஏழுமலை பெரியப்பா: படித்துவிட்டேன் பாஸ்கர்.

ஏழுமலை பெரியப்பா: உன் அப்பா தலையில் அடி வாங்கின மறுநாளே மேடை ஏற்றினது நான்தான். கடைசி காலத்தில் அவன் கை நடுங்கியதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள்தான் ஞாபகம் வரும். நீ கேட்கலாம்.

கோமதி அத்தை: அண்ணா, இப்போது எதற்கு அது. பாஸ்கர், நீயும் விடு. தயிர்சாதம் நான் செய்கிறேன்.

மீனா (9.20): டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். தேவி, போன மாதம் மலேரியா வந்தது யாழினிக்குத்தானே?

தேவி: ஆமாம் அண்ணி. மாத்திரை எல்லாம் முடித்துவிட்டோம். காய்ச்சல் இல்லை.

மீனா: காய்ச்சல் போனாலும் மண்ணீரல் வீங்கி இருக்கலாம். அது இடது பக்கம், விலாவுக்குள் இருக்கும். வீங்கினால் கீழே இறங்கி வந்துவிடும், அப்போது விலா எலும்பு அதை மறைக்காது. சாதாரண அடியிலேயே கிழியலாம், உள்ளே ரத்தம் கசிவது வெளியே தெரியாது. வயிற்றுவலி, இடது தோளில் வலி, தலைசுற்றல் ஏதாவது இருக்கிறதா?

யாழினி: இல்லை அத்தை. நன்றாக இருக்கிறேன்

மீனா: மாஸ்டரிடம் மலேரியா என்று சொன்னாயா?

யாழினி: அம்மா சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன்

தேவி: நீ சொல்லியிருப்பாய் என்று நான் நினைத்தேன்!

ஏழுமலை பெரியப்பா: மீனா, இது எனக்குத் தெரியாதம்மா. இத்தனை வருஷத்தில் ஒரு மாஸ்டரும் எங்களிடம் கேட்டதில்லை. முழங்கை, மூச்சு எல்லாம் அப்புறம். முதலில் ஸ்கேன்.

மீனா: ஆமாம் மாமா. ஸ்கேன் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் வேண்டாம். இடது பக்கம் விழாமல் போனதே, அதை நினைத்தால்தான் எனக்கு நடுங்குகிறது.

யாழினி: மாஸ்டர் பெயர் கொடுத்துவிட்டார் பெரிய தாத்தா

ஏழுமலை பெரியப்பா: நான் அவரிடம் பேசுகிறேன் கண்ணு. பெயரை எடுக்க வேண்டாம் என்று சொல்கிறேன். ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம்.

தேவி: எடுத்துவிடச் சொல்லுங்கள் பெரியப்பா

யாழினி: அம்மா

பாஸ்கர்: நாளை காலை நான் வண்டி எடுத்து வருகிறேன். பெரியப்பா, நீங்களும் வாருங்கள். ஆறரைக்கு உங்கள் தெரு முனையில் நில்லுங்கள்.

ஏழுமலை பெரியப்பா: ஆறுக்கே நிற்பேன்.

தேவி: வெறும் வயிற்றில் வர வேண்டுமா அண்ணி?

மீனா: ஆமாம், இப்போதே சாப்பிட்டு முடித்துவிடச் சொல். காலையில் ஒன்றும் கொடுக்காதே.

கோமதி அத்தை: ஸ்கேன் முடிந்ததும் எனக்கு முதலில் போன் பண்ணு தேவி. எலுமிச்சை சாதம் இன்னும் யாரும் சொல்லவில்லை.