ஹேண்ட்ஓவருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (பதாகைக்கு அவசரமாகத் தேவை)

மடல் 1, ஒருங்கிணைப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். கைபேசி வலையமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பொதுமக்களுக்குச் சொல்லித்தர ஒரு முழுநாள் கற்றல் நிகழ்ச்சி வைக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள், ஓய்வு பெற்ற பெரியவர்களும் வருவார்கள். பதாகைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. எல்லாம் எழுதியாயிற்று, இரண்டு சொல்லில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். ஒன்று செல், அதாவது ஓர் ஆன்டெனாவின் அலை எட்டுகிற பரப்பு. மற்றது ஹேண்ட்ஓவர், அதாவது பேசிக்கொண்டே பேருந்தில் போகும்போது அழைப்பு அறுபடாமல் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகிறதே, அது. குழுவில் ஒருவர் 'கோபுர மாற்றம்' என்று போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

மடல் 2, களப் பொறியாளர்

> 'கோபுர மாற்றம்' என்று போட்டுவிடலாம் என்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். ஒரு கோபுரம் என்றால் ஒரு செல் என்பதுதான் மக்களிடம் இருக்கிற முதல் தவறான எண்ணம். கற்றல் நாள் அதைப் போக்க வேண்டும், பதாகையே அதை நட்டு வைக்கக் கூடாது. பெரும்பாலான கோபுரங்களில் மூன்று திசை பார்த்து ஆன்டெனாக்கள் இருக்கும், ஒவ்வொரு திசையும் சுமார் 120 பாகை, ஒவ்வொன்றும் தனி செல். பேசிக்கொண்டே கோபுரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், கோபுரம் மாறாமலே செல் மாறிக்கொண்டிருக்கும்.

அப்புறம் 'தாவல்' என்று யாராவது சொல்வீர்கள், அதற்கும் இப்போதே மறுப்பு. அலைவெண் தாவல் என்று, அழைப்பு அலைவெண்ணை மாற்றி மாற்றிப் போகிற வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், தாவுகிறது என்றால் கைபேசி தானே முடிவெடுத்துத் தாவுகிற மாதிரி ஆகிவிடும். பேச்சு நடக்கும்போது கைபேசி அளந்து சொல்கிறது, அவ்வளவுதான். ஜிஎஸ்எம் என்கிற இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் 480 மில்லிநொடிக்கு ஒருமுறை, இப்போதைய செல்லின் அலை வலு இவ்வளவு, அக்கம்பக்கத்தில் நன்றாகக் கேட்கிற ஆறு செல்கள் வரை அவற்றின் வலு இவ்வளவு என்று அறிக்கை போய்க்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து 'அந்தச் செல்லுக்குப் போ' என்று ஆணையிடுவது வலையமைப்பு. பேசாமல் பையில் கிடக்கும்போது கதை வேறு. அப்போது எந்தச் செல்லைக் கேட்பது என்று கைபேசியே தேர்ந்துகொள்ளும். அதற்கு 'செல் மறுதேர்வு' போதும். ஹேண்ட்ஓவருக்கு நாம் வைக்கிற சொல்லில் கொடுப்பவர், வாங்குபவர், மாறுகிற பொருள் மூன்றுக்கும் இடம் இருக்க வேண்டும். என் ஓட்டு 'கைமாற்றம்'.

மடல் 3, இலக்கண ஆசிரியர்

தம்பி, முதலில் 'செல்'லை எடுங்கள். தமிழில் செல் என்றால் போ. பெயர்ச்சொல்லாகக் கொண்டால் கறையான், செல்லரித்த ஏடு என்கிறோமே. மேகத்துக்கும் செல் என்று பெயர் உண்டு. இத்தனை பொருள் உள்ள சொல்லில் இன்னும் ஒன்றை ஏற்றுவானேன்?

என் பரிந்துரை 'கண்'. வலையில் நூலுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குக் கண் என்றுதான் பெயர். சல்லடைக்கும் கண் உண்டு. வலையமைப்பு என்று நீங்களே சொல்கிறீர்கள், வலை இருந்தால் கண் இருக்கத்தானே வேண்டும்? இன்னும் பாருங்கள், ஏழாம் வேற்றுமை உருபும் 'கண்'தான், இடப்பொருள் தருவது. கைபேசி எதன்கண் இருக்கிறது என்று கேட்டால் வருகிற விடைதான் செல். 'கணு'வும் இதே வேர் என்பது என் துணிபு, கரும்பில் முளை கிளம்பும் இடம் அது. வலையமைப்பில் இணைப்புகள் கூடும் இடமான நோட் என்பதற்குக் கணு என்று பலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள். கணு, கண், கண்மாற்றம் என்று சொற்கள் ஒரு குடும்பமாக அமையும். இப்படி அமைவது அரிது, விட்டுவிடாதீர்கள்.

மடல் 4, அறிவியல் ஆசிரியை

ஐயா, வலைக்கண் அழகான சொல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'கண்மாற்றம்' என்று வாசலில் பதாகை தொங்கினால் கண் மருத்துவ முகாம் என்று நினைத்துத்தான் பெரியவர்கள் உள்ளே வருவார்கள். வருகிறவருக்கு ஒரு பதாகை முன்னால் அரை நிமிடம்தான் பொறுமை இருக்கும், அதில் ஏழாம் வேற்றுமையை நான் எப்படி விளக்குவேன்?

செல் எல்லோரும் உயிரியல் பாடத்தில் படித்த சொல். இலங்கைப் பாடநூல்களில் அதே பொருளுக்குக் கலம் என்று வரும். அதைப் போடலாமா என்றும் யோசித்தேன், தமிழ்நாட்டு வாசகருக்குக் கலம் என்றால் பாத்திரம், இல்லையென்றால் கப்பல். வடசொல் தன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தினால் அது சொல்லாகும் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது, அதே நெறியைப் பிற மொழிச் சொல்லுக்கும் கொண்டால் என்ன? செல் என்பதில் நீக்க வேண்டிய எழுத்துகூட இல்லை. செல்லிடப்பேசி என்று நாமே எழுதவில்லையா?

மடல் 5, களப் பொறியாளர்

அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இந்த யோசனையை எழுதி வைத்தபோதே செல்லை அறுகோணமாக வரைந்தார்கள். சம அளவு வடிவங்களை இடைவெளி இல்லாமல் அடுக்க முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றும் உதவும், அவற்றில் வட்டத்துக்கு நெருக்கமானது அறுகோணம், அதனால் அது. தாளில் பார்த்தால் ஐயாவின் வலைக்கண் சரியாகப் பொருந்துகிற மாதிரித்தான் தெரியும். வெளியே போய் அளந்தால் செல்லின் விளிம்பு கட்டடத்துக்கும் மேட்டுக்கும் தக்கபடி நெளிந்து கிடக்கும், பக்கத்துச் செல்லின் மேல் ஏறியும் கிடக்கும். அந்த ஏறிக்கிடக்கிற பகுதியில்தான் கைமாற்றமே நடக்கிறது. வலையின் கண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. கண் என்று சொன்னால் மாணவர் மனதில் நடுவே ஒரு கயிறு, ஒரு கோடு வந்துவிடும், அப்படி ஒரு கோடு கிடையாது.

மடல் 6, மொழிபெயர்ப்பாளர்

கைமாற்று என்றால் எழுத்து இல்லாமல் வாங்குகிற சின்னக் கடன், திருப்பித் தர வேண்டியது. அழைப்பை வாங்கிய செல் திருப்பித் தருவதில்லை. 'ஒப்படைப்பு' எப்படி?

மடல் 7, இலக்கண ஆசிரியர்

ஒப்படைப்பில் பொறுப்பு உண்டு, ஓட்டம் இல்லை. கோப்பையும் ஒப்படைக்கலாம், குற்றவாளியையும் ஒப்படைக்கலாம்.

கைமாற்றம்தான் என்று போனால் 'கைம்மாற்றம்' என்று ஒற்று மிக எழுதுங்கள். 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று குறள் ஒற்றோடுதான் சொல்கிறது. தனி ஐகாரத்தின் முன் மெல்லினம் மிகுவதை நன்னூலும் சொல்கிறது.

மடல் 8, அறிவியல் ஆசிரியை

நன்னூல் சொல்வது 'மிகலுமாம்', உம்மை போட்டு நம் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது ஐயா. கைம்மாறு என்றால் செய்த உதவிக்குத் திருப்பிச் செய்வது, ஒற்றுப் போட்டால் பிள்ளைகளுக்கு அந்தப் பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும். வீடு கைமாறிவிட்டது, கடை கைமாறிவிட்டது என்று வீட்டில் பேசுகிற பேச்சோடு இது ஒட்டட்டும். 'அழைப்பு கைமாறுகிறது' என்று வினையாக்கிப் பாருங்கள், எங்கேயும் இடறவில்லை. ஒப்படைப்பை அப்படி ஆக்கினால் 'அழைப்பு ஒப்படைக்கப்படுகிறது' என்று செயப்பாட்டு வினையாக இழுக்கும்.

மடல் 9, களப் பொறியாளர்

இதில் இரண்டு வகை உண்டே, அதையும் இப்போதே முடித்துவிடலாம். ஜிஎஸ்எம், நான்காம் தலைமுறையான எல்டிஇ இரண்டிலும் பழைய செல்லின் இணைப்பை அறுத்த பிறகுதான் புதியதைப் பிடிக்கும், காதுக்குத் தெரியாத நேரத்தில் நடந்து முடியும். ஒரே அலைவெண்ணைப் பலர் குறியீட்டால் பிரித்துப் பயன்படுத்துகிற சிடிஎம்ஏ வகையில், மூன்றாம் தலைமுறை வலையமைப்பிலும், புதிய செல்லைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் இரண்டோடும் பேசி, பிறகு பழையதை விடும். வன் கைமாற்றம், மென் கைமாற்றம் என்று சிலர் எழுதுகிறார்கள். வன்மை, மென்மை இதில் எங்கே வந்தது? முதல் வகைக்கு நம்மிடம் 'விட்டுப்பிடித்தல்' தயாராக இருக்கிறது. இரண்டாவதைப் 'பிடித்துவிடுதல்' என்றால் கைகால் பிடித்துவிடுவது போல் ஆகிறது, 'பிடித்துப்பின்விடல்' நாக்கில் சுழல்கிறது. யாராவது உதவுங்கள்.

மடல் 10, மொழிபெயர்ப்பாளர்

விட்டுப்பிடித்தல் என்றால் கண்டிக்க வேண்டியவரைக் கொஞ்சம் விட்டு வழிக்குக் கொண்டுவருவது என்ற பொருள் ஊறிப்போயிருக்கிறது. ஆனாலும் பதாகையில் படத்தோடு போட்டால் புரியும் என்றே நினைக்கிறேன். இரண்டாவதற்கு 'இருபிடி'? ஒரே நேரத்தில் இரண்டு செல்லையும் பிடித்திருப்பதுதானே அதன் சிறப்பு.

மடல் 11, ஒருங்கிணைப்பாளர்

நன்றி. நேரம் முடிந்துவிட்டது, அச்சகத்தில் இருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். பெரும்பாலோர் சொன்னபடி செல், கைமாற்றம் என்று அனுப்புகிறேன், ஒற்று இல்லாமல். மென், வன் இரண்டையும் எடுத்துவிட்டு விட்டுப்பிடித்தல், இருபிடி என்று படத்தின் கீழே போடுகிறேன். அறுகோணப் படத்துக்குப் பக்கத்திலேயே விளிம்பு நெளிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிய உண்மையான பரப்புப் படமும் வருகிறது, பொறியாளர் அண்ணன் சொன்ன கயிறு யார் மனதிலும் விழக்கூடாது.

மடல் 12, இலக்கண ஆசிரியர்

கைமாற்றத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. செல்லுக்கு என் இசைவு இல்லை, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கண்கள் ஏறாது என்றார் பொறியாளர். இரண்டு வலையை ஒன்றன்மேல் ஒன்று விரித்தால் ஏறும். இது பற்றித் தனி இழை தொடங்குகிறேன். ஆமாம், அழைப்பு வரும்போது கைபேசி எங்கே என்று பல செல்களில் ஒரே நேரத்தில் கூப்பிட்டுத் தேடுவதைப் பேஜிங் என்கிறார்களே, அதற்குப் பதாகையில் என்ன போட்டிருக்கிறீர்கள்?