ஹம்ப்டா கணவாய்: ஜூன் மாதத்தில் பாதை எப்படி இருந்தது?

இமாசலப் பிரதேசத்தில், குலு பக்கத்து ஜோப்ராவில் தொடங்கி, ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரமுள்ள ஹம்ப்டா கணவாயைக் கடந்து, லாஹௌல் பக்கத்துச் சத்ருவில் இறங்கும் பாதையில் சென்ற ஜூன் இரண்டாம் வாரம் நடந்து வந்தேன். சிக்கா முகாம் வரை புல்வெளியும் பூர்ஜ (பிர்ச்) மரங்களும்தான். பனியைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை. மறுநாள் காலை ஜ்வாராவில் ஓடையைக் கடந்தபோது நீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. பிற்பகலில் அங்கு வந்த குழுவினரோ, தொடையளவு நீரில் ஒருவர் கையை மற்றவர் பற்றிக்கொண்டு கடந்ததாக அன்றிரவு பாலு கா கேரா முகாமில் சொன்னார்கள். வெயில் ஏற ஏற மேலே உருகும் பனி, கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. ஜூனில் வரைபடத்தைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருந்தது.

கணவாய் நாளில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பியபோது பனி கல்லைப் போல இறுகிக் கிடந்ததால், காலணியில் மாட்டியிருந்த இரும்பு முட்கள் நன்றாகக் கவ்வின. பத்து மணிக்கெல்லாம் அதே பனி ஈர மாவாகிவிட்டது. தண்ணீர் குடிக்க உட்காரலாம் என்று ஒரு பாறையை நோக்கி நான் விலகிய மறுகணம், என் வலது கால் இடுப்பு வரை உள்ளே இறங்கிவிட்டது. பாறை வெயிலில் சூடாகித் தன்னைச் சுற்றியுள்ள பனியை உருக்கி, மேலே மெல்லிய தோலும் அடியில் பொந்துமாக விட்டுவைத்திருந்தது. பாறைகளை நெருங்க வேண்டாம் என்று வழிகாட்டி முன்பே எச்சரித்திருந்தார், நான்தான் கேட்கவில்லை. உள்ளே சிக்கிய காலணியைத் தோண்டி எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

மறுமொழி:

ஜ்வாராவைப் பற்றி நீங்கள் எழுதியது சரிதான். ஆனால் கணவாய்க்கு அப்பால், ஷியா கோரு முகாமிலிருந்து புறப்பட்டதும் கடக்க வேண்டிய ஆற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலை ஆறரை மணிக்கு, முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினோம். நான்காவது அடியிலேயே பாதங்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. பழைய செருப்பொன்றை இதற்கென்றே கொண்டுபோனது, நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அதன்பின் சத்ருவை நோக்கி இறங்குகையில், ஓடை ஒன்றின்மேல் அகலமான பனிப்பாலம் தென்பட்டது. பார்வைக்கு உறுதியாகவே இருந்த அதன்மேல் எங்களுக்கு முன் சென்ற கோவேறு கழுதை முன்காலை வைத்தது, முகர்ந்தது, பிறகு காலை எடுத்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டது. அதை ஓட்டி வந்தவர் அடிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. கயிற்றைத் திருப்பி மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். நாங்களும் இருபது நிமிடம் கூடுதலாக ஏறி, ஓடை கற்களுக்கிடையே திறந்து கிடந்த இடத்தில் கடந்தோம்.